பொகவந்தலாவை பஸ்ஸும் ஒரு கிளாஸ் ஏ பெட்டியும்

எங்கள் வீட்டில் முதலில் கெட்டுப்போனது பழைய அம்ப்ளிபயர் என்றுதான் என் கணவர் சொன்னார். நானும் கொஞ்ச நாள் அப்படியே நம்பினேன். நம்பினேன் என்பதுகூடச் சரியில்லை. நம்புவது வசதியாக இருந்தது.

அவர் தேயிலை ஸ்டோரில் முப்பது வருஷம் வேலை செய்தவர். தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதில் அவருக்கு ரோலர் அறை. வாடின கொழுந்தைப் போட்டுச் சுருட்டுகிற பெரிய இயந்திரங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இடம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க உள்ளே போனேன். கால் வழியாக ஏறி வந்தது சத்தம். பல் கூசியது. சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். அவர் அதில்தான் முப்பது வருஷம் நின்றார். காதில் பஞ்சு வைக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாராம்.

அந்த அறையில் யாரும் வாயால் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. விரலைக் காட்டினால் ஒன்று, புருவத்தைத் தூக்கினால் ஒன்று. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கதவருகில் வந்து நிற்கிற நிற்பை வைத்தே, அரைப்பு சரியில்லையா, மேலே தோட்டத்து மேனேஜர் துரை வந்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்வார்கள். எதிரில் நிற்கிறவன் கேட்கப்போவது வெற்றிலையா, வீட்டுக்குப் போக அனுமதியா என்பதை அவன் வாயைத் திறக்கும் முன்பே இவர் சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்தார். பெண் பார்க்க வந்த அன்றே, "நீ வாயத் தொறக்கவே வேணாம், மொகமே பேசுது" என்று சொன்னவர். லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து, படித்து டீச்சர் வேலைக்குக் காத்திருந்த எனக்கு அது பெரிய பாராட்டாகப் பட்டது. என் மனதைப் படிக்கத் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டார் என்று தோழிகளிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அவருடைய ஒரே ஆசை பாட்டு. சாராயம் இல்லை, சீட்டு இல்லை. வருஷக்கணக்காகச் சேர்த்துச் சேர்த்து ஒரு செட்டை உண்டாக்கினார். ஒரு துரை மாற்றலாகிப் போனபோது பங்களாவில் விற்ற இரண்டு பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர், கொழும்பிலிருந்து மகள் கொண்டு வந்து கொடுத்த சிடி பிளேயர், ஹட்டனில் வாங்கிய அம்ப்ளிபயர். இவ்வளவும் எங்கள் முன்னறையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றன. விருந்தாளி வந்தால் ஸ்பீக்கரை உரசாமல் உட்கார முடியாது.

எனக்குப் பாட்டு பிடிக்காது என்றில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் பகலைக் கழித்துவிட்டு வருகிறவளுக்கு அடுப்பில் பருப்பு கொதிக்கிற சத்தமே போதும். ஆனால் அதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் வைக்கிற பாட்டைக் கேட்டபடி பிள்ளைகளின் கொப்பி திருத்துவேன். கேட்டேன் என்றால், காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அவருக்கு உயிரான பாட்டு ஒன்று உண்டு. பழைய பாட்டு. முதலில் சலங்கைச் சத்தம் வரும், அதன் பிறகு புல்லாங்குழல், பிறகு ஒரு பெண் குரல். எந்தப் பாட்டு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் தேடிப்பிடித்துக் கேட்பீர்கள். நல்ல பாட்டு என்பீர்கள். எனக்கு அது இனிப் பாட்டில்லை.

ஓய்வு பெற்று வந்த வருஷம்தான் ஆரம்பித்தது. "சலங்கை சரியா வர மாட்டேங்குது" என்றார். அம்ப்ளிபயரைக் கழற்றினார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். வயரை மாற்றினார். ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்து எனக்கு நடக்க வழி இல்லாமல் செய்தார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த எனக்குச் சலங்கை நன்றாகவே கேட்டது. சொன்னேன். வருகிறது, ஆனால் மங்கலாக வருகிறது என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அப்போதே நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே, குறைங்க, குறைங்க என்று மூன்று தடவை சொன்னேன். குறையவில்லை. "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் தினமும் சொல்கிற வார்த்தை, நாக்கில் ஊறிப்போனது. சொன்ன பிறகு பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். என் முகம் திரும்பியதைக் கண்டு அவர் சிரித்தார். என்ன, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வகுப்பில்கூட அந்தப் பழமொழியை நான் சொன்னதில்லை.

தெரிந்த பிறகு எல்லாம் கண்ணில் பட்டது. மகள் கொழும்பிலிருந்து எடுத்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "ஒங்கம்மாகிட்ட குடுக்குறேன்" என்று போனை என்னிடம் நீட்டிவிடுவார். கடைக்குப் போனால் சில்லறை வாங்குகிறவர் கடைக்காரனின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். எதிரில் முகம் இருக்கும்வரை அவருக்கு எல்லாம் விளங்கியது. முகத்தைத் திருப்பினால் அவர் தனியாகப் போய்விடுவார். ஸ்டோரில் கற்ற வித்தை அவரையும் ஏமாற்றியது, எங்களையும் ஏமாற்றியது.

கண்டி ஆஸ்பத்திரியின் காது கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கதவு சாத்திய சிறிய அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்துகிறார் இல்லை. வெகு நேரம் அழுத்தவே இல்லை. டாக்டர் ஒரு சிங்கள அம்மா, தமிழும் கொஞ்சம் பேசுவார். முகக்கவசம் போட்டிருந்தார். எத்தனை வருஷமாக இப்படி என்று அவர் கேட்டதற்கு, நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் என்று இவர் பதில் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, அவை திரும்பாது, ஆனால் பேச்சைக் காப்பாற்றலாம் என்றார். இப்போதே காதுக்கு மெஷின் வைக்க வேண்டும், சும்மா விட்டால் சொற்களைப் பிரித்து அறிவதைக் காது மறந்துபோகும், பிறகு மெஷின் வைத்தும் பிரயோசனம் குறைவு என்றார். சிங்களத்திலும் தமிழிலுமாக இரண்டு முறை சொன்னார். எனக்குத் தெளிவாக விளங்கியது. எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல எந்த வழியும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், "அந்தம்மா ஒண்ணும் பெருசா சொல்லலயே" என்றார். நான் சொன்னேன். அவருக்குக் கேட்கும்படி சொன்னதில் முன் இருக்கைக்காரர்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மெஷின் வேண்டாம் என்றார். எங்கள் தோட்டத்தில் ஒருவனுக்கு ஒரு குறை வந்தால் அதுவே அவன் பெயராகிவிடும். நொண்டி என்றால் நொண்டிதான், செத்த பிறகும் நொண்டி வீட்டுக் காரியம் என்றுதான் சொல்வார்கள். ரோலர் அறையில் இவருக்கு முன்னால் வேலை செய்த ஒரு பெரியவருக்குச் செவிடர் என்று பெயர் வைத்ததே இவர்தானாம். அதை என்னிடம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு, தன் காதில் கோளாறே இல்லை, கோளாறு அம்ப்ளிபயரில்தான் என்றார். நல்ல பெட்டி ஒன்று இருந்தால் சலங்கை வரும். சலங்கை வந்தால் காது சரி என்று அர்த்தம். வராவிட்டால் மெஷின் வைத்துக்கொள்கிறேன். இதுதான் அவர் போட்ட ஒப்பந்தம். ஓய்வின்போது கையில் வந்த காசில் மிச்சமிருந்தது இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். நான் சரி என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நல்ல பெட்டியைத் தேடிப் போனும் கையுமாக இருந்தார். எனக்கும் பாடம் நடத்தினார். சாதாரணப் பெட்டிக்குள் இரண்டு பேர் மாறி மாறி வேலை செய்வார்களாம். ஒருவன் விட்டதை மற்றவன் பிடிக்கிற இடத்தில் மெல்லிய சத்தம் கொஞ்சம் சிந்திவிடுமாம். கிளாஸ் ஏ பெட்டியில் அப்படி இல்லை. அதில் கரண்ட் எப்போதும் முழுசாக ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு இருந்தாலும் ஓடும், இல்லாவிட்டாலும் ஓடும். அதனால் ஒன்றும் சிந்தாது. பதிலுக்குச் சூடு. சத்தமும் பெரிதாக இருக்காது. சின்னச் சத்தம், சுத்தமான சத்தம் என்றார். சின்னச் சத்தத்தைத் தேடி இவர் ஏன் போகிறார் என்று எனக்கு அழுகை வந்தது. முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டேன்.

ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனோம். ரேடியோ, டிவி திருத்துகிற கடை. கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுவதும் அவர்தான். கடைக்கு நேர் எதிரில் பஸ் ஸ்டாண்ட். பகல் இரண்டு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. நானா மூன்று பெட்டிகளை மேசையில் வைத்திருந்தார். முதலாவது, முன்னால் பச்சை விளக்கு துள்ளுகிற பெரிய பெட்டி. இரண்டாவது, உள்ளங்கை அகலத்தில் புதிதாக வந்த ஒன்று, சூடே ஆகாதாம். மூன்றாவதுதான் கிளாஸ் ஏ. ஒரு பங்களாவிலிருந்து வந்த பழைய பெட்டி, நானா உள்ளே புதுசு பண்ணியிருந்தார். இரண்டு பக்கமும் சீப்புப் பல் போல அலுமினியத் தகடுகள். தூக்கிப் பார்த்தேன், அரிசி மூட்டைக் கனம்.

"இது வேல இல்லாட்டியும் நிமிந்து நிக்கிற ஆளு, டீச்சர்," என்றார் நானா. "கரண்ட் பில்லப் பாத்து என்னைய ஏசக் கூடாது."

ஒவ்வொன்றிலும் அந்தப் பாட்டைப் போட்டார்கள். முதலாவதில் கேட்டார். ம்ஹூம் என்றார். வயரைக் கழற்றி, பூட்டி, இரண்டாவதில் கேட்டார். அதற்கும் ம்ஹூம். எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்தில் கேட்க வேண்டும் என்று நானாவை வேலை வாங்கினார். நான் ஒரு உடைந்த டிவியின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கால் குளிரில் விறைத்துவிட்டது. நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டித்தான் வரும். ரோட்டில் இறங்கி தேயிலைக்குள்ளால் வீட்டுக்கு ஏற வேண்டும். மழை பெய்தால் அந்த வழியில் அட்டை காலை மொய்க்கும். அட்டை என்றால் எனக்கு இந்த வயதிலும் நடுக்கம். நான் பாட்டைக் கேட்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பெட்டி சூடாகட்டும் என்று நானா கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு பாட்டைப் போட்டார். சலங்கை ஆரம்பித்தது. அதே நேரம், மழைக்குள்ளால் பொகவந்தலாவை பஸ் பின்பக்கமாக ஸ்டாண்டுக்குள் வந்து நின்றது. உள்ளே ஆள் குறைவு. ஜன்னல் ஓர இருக்கைகள் காலியாக இருந்தது இங்கிருந்தே தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. இன்றைக்கு அட்டை இல்லை, நின்றுகொண்டு போகவும் வேண்டாம்.

திரும்பினேன். அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருதா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். நான் வேகமாகத் தலையாட்டினேன். அவர் நானாவிடம், "இதுதான்" என்றார்.

பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். பெட்டியை மடியில் வைத்து, ஒரு பழைய சாரத்துணியைச் சுற்றி, நோர்வூட் தாண்டி வரும்வரை கட்டிப்பிடித்தபடி வந்தார். ஒப்பந்தப்படி சலங்கை வந்துவிட்டது, காது சரி. நான் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை போடாமல் ஒரு விஷயம் முடிந்ததே என்ற நிம்மதியில் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெட்டி வந்த பிறகு எங்கள் முன்னறைக்குத் தனிக் குணம் வந்தது. பாட்டு வைக்க அரை மணிக்கு முன்பே அதைப் போட்டுவிடுவார். ஸ்டோரில் டிரையரைச் சூடாக்கிவிட்டுத்தான் தூளைக் கொட்டுவோம் என்பார். மெல்ல மெல்ல அறையின் ஈரம் போகும். சுவரில் பூத்திருந்த பூஞ்சணம்கூட அந்த மூலையில் காய்ந்து உதிர்ந்தது. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி பாட்டுக் கேட்பார். நான் கொப்பி திருத்துவேன். நிமிர்ந்தால் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். வயதான காலத்தில் நல்லபடியாக இருக்கிறோம் என்று நினைத்தேன். கண்டிக்கு மறுபடி வரச் சொன்ன தேதி வந்தது, போனது. கிளினிக் அட்டையை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒன்றரை வருஷம் அது அங்கேயே கிடந்தது. இதை எழுதும்போது என் மேல் எனக்கு வருகிற கோபத்தை யாரிடமும் காட்ட முடியாது.

எங்கள் பக்கத்து மழைக்காலம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது. போட்டுக்கொண்டால் நாய் நனைந்த வாசம் வரும். சூடாக எது இருந்தாலும் அதன் மேல் ஒரு ஈரத்துணி ஏறிவிடும். அடுப்பு மேலே கொடி கட்டுவோம், சுடுதண்ணீர்க் கேத்தல் மேலே காலுறை போடுவோம். அந்தப் பெட்டியை மட்டும் சும்மா விடுவேனா? முதலில் காலுறை. அவருக்குத் தெரியாமல், ஓரமாக. பிறகு சேலைக்குப் போடுகிற ரவிக்கை. ஒன்றும் ஆகவில்லை. தைரியம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை அவர் கோயில் வேலைக்குப் போகும்போது பெட்டியைப் போட்டுவிட்டுப் போனார், வந்ததும் கேட்கலாம் என்று. நான் என் கம்பளி ஸ்வெட்டரைப் பிழிந்து, நாலாக மடித்து, பெட்டியின் தலையில் விரித்துவிட்டு பஸாருக்குப் போனேன். காய்கறி வாங்கி, ஆளோடு ஆள் பேசி, திரும்பி வர மத்தியானமாகிவிட்டது.

கதவைத் திறந்ததும் மயிர் கருகின நாற்றம். ஸ்வெட்டரை எடுத்தேன். அடிப்பக்கம் பழுப்பேறி இருந்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பயத்தோடு பாட்டைப் போட்டுப் பார்த்தேன். வலது ஸ்பீக்கர் பாடியது. இடது ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. அந்தப் பழைய பாட்டில் சலங்கை இடது பக்கம் மட்டும்தான் இருக்கும், அதை அவரே எனக்கு முன்பு காட்டியிருக்கிறார். சலங்கை வரவே இல்லை. வெறும் புல்லாங்குழலில் ஆரம்பித்தது பாட்டு.

ஸ்வெட்டரை ஒளித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முப்பது வருஷத்தில் அவர் என்னை ஏசியது குறைவு. இன்றைக்கு ஏசுவார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். அவர் வந்தார். கை கால் கழுவினார். உட்கார்ந்து பாட்டைப் போட்டார். கையைத் தகட்டில் வைத்தார். என்னைப் பார்த்தார். சலங்கை வரவேண்டிய இடத்தில் தலையை லேசாக ஆட்டினார். பாட்டு முடிந்ததும், "இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்றார்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான், அதை மறைக்க மாட்டேன். தப்பித்தேன் என்று குசினிக்குப் போனேன். தேங்காய் துருவ உட்கார்ந்தபோதுதான் கை நின்றுபோயிற்று.

எட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு நாளும் அவர் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டார். எட்டு நாளும் தலையாட்டினார். ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன், பின்பக்கக் குழாய் திறந்தபடி கிடக்கிறது. இரண்டு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீர், டேங்க் முழுவதும் ஓடி, முற்றம் சேறாகிக் கிடக்கிறது. அவர் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. தண்ணீருக்காக இல்லை என்பது கத்தும்போதே எனக்குத் தெரிந்தது. அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஒரு பக்கம் செத்து ஒம்பது நாளாச்சு," என்றேன். "சலங்கையே வரல. ஒங்களுக்குத் தெரியல. யார ஏமாத்துறீங்க?"

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் விளங்கியது என்று தெரிந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"அன்னைக்குக் கடையிலயும் வரல," என்றார். "பழைய அம்ப்லதான் கோளாறுன்னு நம்பித்தான் போனேன். மூணுலயும் வரல. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு."

"பெறகு எதுக்கு இத வாங்குனீங்க?"

"ஒன் மொகத்தப் பாத்தேன். முந்தின ரெண்டுக்கும் நீ சும்மா ஒக்காந்திருந்த. இதுல சலங்கை வந்ததும் அப்புடி மலந்துச்சு பாரு ஒன் மொகம். கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அப்புடிப் பாத்ததில்ல. எனக்குத்தான் போயிருச்சு, ஒனக்காவது நல்லாக் கேக்கட்டும்னு வாங்குனேன்."

ரோலர் அறையில் முப்பது வருஷம் நூறு முகங்களைப் படித்தவர். ஒரு முகத்திலும் அவர் தவறியதாக யாரும் சொன்னதில்லை. பெண்டாட்டியின் முகத்தில் ஒரே ஒரு தடவை தவறினார். அந்தத் தவறில் ஒன்றரை வருஷம் போயிற்று. அது பஸ்ஸைக் கண்ட முகம் என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும்? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அடுத்த வாரமே சேலைகளுக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போனோம். அவர் மறுப்பே சொல்லவில்லை. அதே டாக்டர்தான். இன்னும் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். கடன் வாங்கி மெஷின் வைத்தோம். அதில் கரண்டி விழுகிற சத்தம் கேட்கிறது, காக்கை கேட்கிறது, தகரக் கூரையில் மழை அவரை எழுந்து ஓடச் செய்கிறது. என் பேச்சு மட்டும் உடைந்து உடைந்து விழுகிறதாம். மகள் எடுத்தால் இன்னும் போன் என் கைக்குத்தான் வருகிறது.

பெட்டியை நானாவிடம் கொண்டுபோனேன். ஸ்வெட்டர் கதையை அவரிடம் மட்டும் சொன்னேன். மலைநாட்டில் இந்தப் பெட்டி விற்றால் துணி காயப்போடக் கூடாது என்று எழுதி ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று சிரித்தார். திருத்திக் கொடுத்தார். இப்போது இரண்டு பக்கமும் பாடுகிறது.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் பாட்டைப் போடுகிறார். மெஷினில் பாட்டுத் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறதாம், அதனால் கழற்றி வைத்துவிடுவார். கையைத் தகட்டின் மேல் வைத்து, எனக்கு எதிரில் உட்காருவார். நான் கொப்பிகளை மூடி வைத்துவிடுவேன். சலங்கை எந்த நொடியில் வரும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். அது வரும்போது என் முகம் மலர வேண்டும், அன்றைக்கு மலர்ந்த அளவுக்கு மலர வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் பொகவந்தலாவை பஸ் கீழே வளைவில் ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறது. நான் கதவுப் பக்கம் திரும்புவதில்லை.